ஆமைப்பாறைக்கு நெய்த துணி

"நீங்க இருக்கற தீவுல இன்னா இருக்குது?"

"லைட்ஹவுஸ் இருக்குதுங்க. ஒரு கெணறு. பதினோரு ஆடு. அப்புறம் நாங்க நாலு பேரு."

"கப்பலுங்க வந்து அங்க நிக்குமா?"

"நின்னா எங்க வேலையே போச்சு. தீவைச் சுத்தி ஒண்ணரை மைலுக்குப் பாறைங்க. தண்ணி மூடிகினு கண்ணுக்கே தெரியாது. கிட்ட வராதே, தள்ளிப் போன்னு கப்பலுக்குச் சொல்றதுதான் எங்க வேலை."

"வராதேன்னு சொல்றதுக்கு நாலு பேருக்குச் சம்பளமா?"

அபிதகுசாம்பாள் இப்படிக் கேட்டதும் ஜெயச்சந்திரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை அப்படிச் சிரிக்கலாமா என்று தேவிகாபுரத்துப் பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தைந்தாம் வருஷத்துத் தை மாதம் அது. ஆறு வருஷம் கழித்தும் அந்தப் பேச்சை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அன்றைக்கு அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நிற்கவில்லை. தறிக்குழியில்தான் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா பச்சையப்பன் ஆரணியிலிருந்து கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: பெண்ணின் முகத்தைப் பையன் பார்த்துக்கொள்ளட்டும், நான் கையைப் பார்க்க வேண்டும் என்று. ஒரு முழம் நெய்யச் சொல்லிப் பார்த்தார். கட்டம் கோணாமல் விழுந்தது. அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. பச்சையப்பன் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அவர், மற்றதில் மகன். மனைவி இல்லை; மகள் சின்னம்மாவை எதிர் வீட்டிலேயே கட்டிக்கொடுத்திருந்தார். பத்தாவது பாஸ் பண்ணிய மகன் இருபத்திரண்டு வயது வரைக்கும் நெய்தான். பிறகு வேலைவாய்ப்பு ஆபீஸிலிருந்து கார்டு வந்து, லைட்ஹவுஸ் இலாகாவில் சேர்ந்துவிட்டான். மங்களூருக்கு வடக்கே கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. ஊர்க்காரர்கள் கன்னடத்தில் வேறு ஏதோ பேர் சொல்வார்களாம். தமிழ் ஆட்கள் அதை ஆமைப்பாறை என்றார்கள். "போறதுன்னா போ. ஆனா உன் தறி சும்மா கெடக்கக் கூடாது" என்று பச்சையப்பன் மகனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனைதான் அபிதகுசாம்பாள்.

அவளுக்கு இது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். அதில் வருத்தமும் இல்லை. பிறந்த வீட்டில் நெய்ததைப் புகுந்த வீட்டில் நெய்யப் போகிறாள், அவ்வளவுதானே என்று நினைத்தாள். புருஷனை இத்தனை பிடித்துப்போகும் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

ஜெயச்சந்திரன் வருஷத்துக்கு இரண்டு தடவை லீவில் வருவான். பொங்கலுக்கு ஒரு தடவை, சித்திரை முடிந்து ஒரு தடவை. வைகாசிக் கடைசியில் மேற்குக் கடல் கொந்தளிக்க ஆரம்பித்துவிட்டால் தீவுக்குப் படகு கிடையாது. புரட்டாசி வரைக்கும் கடிதாசுகூட வராது. வந்து இருக்கிற இருபது நாளில் அவள் நெய்கிற தறிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே இருப்பான். விளக்கு மண்ணெண்ணெயில் எரிகிறது, காற்றடித்துப் பம்ப் பண்ண வேண்டும். கண்ணாடிக் கூண்டு ஆள் உயரம், பாதரசத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது. பத்து விநாடிக்கு இரண்டு வெட்டு வெட்டும், அதை வைத்தே மாலுமி இது ஆமைப்பாறை என்று கண்டுகொள்வான். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அவளுக்குள் ஒரு வார்த்தை இருந்தது. நானும் உங்களோடு வந்து இருக்கட்டுமா? காட்பாடி பஸ் ஏற்றிவிடும் ஒவ்வொரு தடவையும் அது தொண்டை வரைக்கும் வரும். தீவில் குடும்பத்துக்கு இடம் கிடையாது, நாலு ஆணும் ஒரே கூடத்தில் படுக்கிறார்கள் என்று தெரியும். தறியை விட்டு எப்படிப் போவது என்பதும் தெரியும். பஸ் கிளம்பிவிடும். அவள் வீட்டுக்கு வந்து தறிக்குழியில் கால் வைப்பாள்.

எழுபத்தெட்டு கார்த்திகையில் ஒரு கடிதாசு வந்தது. பச்சையப்பனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். அதனால் மகன் கடிதாசை மருமகள்தான் தறியில் உட்கார்ந்தபடி உரக்கப் படிப்பாள். 'கண்ணாடி துடைக்க இலாகா அனுப்பும் துணி இன்னும் வரவில்லை. நைந்துபோன பழைய பட்டுத்துணி இருந்தால் அனுப்பவும். புதுசு வேண்டாம்.'

பச்சையப்பன் தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார்.

"நைஞ்சதா? கவர்மெண்டு விளக்குக்கு, ஆரணியில நெசவுக்காரன் வூட்டுலேருந்து, கந்தல் துணியா போவும்?"

"பழசுதான் கேக்கறாரு மாமா. புதுசு வேணாம்னு எழுதிக்கீறாரு."

"அவன் கெடக்கறான். நாலு பேரு பாக்கற எடம். பாவுல ஒண்ணரை கஜம் மிச்சம் கீது பாரு, அதுல ஒரு துண்டு எறக்கு."

"ஜரிகை வேணாம் இல்ல மாமா?"

"ஏன் வேணாம்? ஜரிகை இல்லாம இந்த வூட்டுத் தறியிலேருந்து ஒரு சாண் துணி எறங்கினதில்ல. எங்க அப்பன் காலத்துலேருந்து வழக்கம். ரெண்டு முனையிலயும் ரெண்டு வெரக்கடை போடு."

அவள் போட்டாள். மாம்பழ மஞ்சளில் வழவழவென்று, இரண்டு முனையிலும் ஜரிகை மின்ன, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொள்ளலாம் போல ஒரு துண்டு. பக்கத்து வீட்டு ராஜம்மாள் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி தொடைக்கவா இது? எனக்கு வாச்ச மகராசனுக்குக் கல்யாணத்தன்னிக்கே இந்த மாதிரி துண்டு இல்லடி" என்றாள். ராஜம்மாள் நாற்பது வயது விதவை. அந்த வீட்டுக்கு இழை சுற்றித் தருகிறவள். புருஷன் இருந்தவரை சொந்தத் தறியில் நெய்தவள்.

அந்தப் பொங்கலுக்கு ஜெயச்சந்திரனுக்கு லீவு கிடைக்கவில்லை; தை கடைசியில் பதில்தான் வந்தது. அபிதகுசாம்பாள் வழக்கம்போல உரக்கப் படித்தாள். 'துணி வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆனால் இங்கே காற்றில் எப்போதும் மணல். ஜரிகை இழையில் அது மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியவில்லை. துடைத்ததில் கண்ணாடிப் பட்டைகள் மூன்றில் கோடு விழுந்துவிட்டது. மாசியில் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.'

கடைசி வரியையும் அதே குரலில் படித்துவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பச்சையப்பன் நாடாவை ஓரமாக வைத்தார். பிறகு தறிக்குழியை விட்டு ஏறி, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"காட்பாடியில மங்களூர் ரயிலு எப்ப வரும், ரயிலடியில கேட்டுகினு வரேன். தப்பு பண்ணவன் நானு. அந்த ஆபீஸர்கிட்ட நானே சொல்றேன். நீயும் வா. எனக்கு அந்த ஊரு போர்டு எல்லாம் படிக்கத் தெரியாது."

இப்படித்தான் அபிதகுசாம்பாள் ஆமைப்பாறையைப் பார்த்தாள். ஏறத்தாழ நாலு வருஷம் காதால் கேட்டதை, மாமனாருக்குத் துணையாகப் போய், கண்ணால்.

படகில் பச்சையப்பனுக்கு வயிற்றைப் புரட்டியது. முக்கால் மணி நேரமும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மவனே, இதுக்கு நம்ம கமண்டல நாகநதி எவ்வளவோ மேல்டா, தண்ணியே கெடையாது" என்று புலம்பிக்கொண்டு வந்தார். கரைக்கே வந்து அவர்களை அழைத்துக்கொண்ட ஜெயச்சந்திரன் அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தான். அபிதகுசாம்பாளுக்கு ஒன்றும் செய்யவில்லை. பாறைகளின் மேல் நுரை ஏறி இறங்குவதையும், அந்த வெள்ளைக் கோபுரம் படகோடு சேர்ந்து ஆடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லைட்ஹவுஸின் தலைமைப் பணியாளர் ரங்கசாமி பெரிய மீசைக்காரர். மறுநாள் காலையில் மூன்று பேரையும் நூற்றிப் பத்துப் படி ஏற்றிக் கூட்டிப்போனார். மேலே கண்ணாடி அறையைச் சுற்றிலும் திரை போட்டு மூடியிருந்தது. பகலில் திரை இல்லாவிட்டால் வெயில் அந்தக் கண்ணாடியில் குவிந்து விளக்கையே எரித்துவிடுமாம். பச்சையப்பன் திரைத் துணியை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தார்.

"இத்த எவன் நெஞ்சான்? சல்லடை மாதிரி கீது."

"பெரியவரே, நீங்க வந்தது கண்ணாடியைப் பாக்க" என்றார் ரங்கசாமி.

கண்ணாடி மீன் செதில் போல அடுக்கடுக்காக ஏறியது. கீழிருந்து மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது பட்டைகளில் மயிரிழை போல வளைந்த கோடுகள். பச்சையப்பன் குனிந்து பார்த்தார். விரல் வைக்கப் போனவர் வைக்காமல் கையை எடுத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் ஒரு புடவையில் ஓர் இழை அறுந்திருந்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

இரண்டாம் நாள் அதிகாரி வந்தார். கேரளத்துக்காரர், தமிழ் பேசுவார். பச்சையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே போய் நின்றார்.

"சாமி, எம் மவன் பழசுதான் கேட்டான். புதுசு நெஞ்சி அனுப்பினது நானு. ஜரிகை போடச் சொன்னதும் நானு."

"கண்ணாடி துடைக்கிற துணிக்கு எதுக்குப் பெரியவரே ஜரிகை?"

"போடலேன்னா என் பேரு போயிடுங்க."

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளிச்சம் பதினாறு மைல் போகத்தான் செய்கிறது, வேலைக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் நடந்ததைப் பதிவேட்டில் எழுதாமல் விட முடியாது என்றார். எழுதினார். ஜரிகைத் துணியால் ஏற்பட்ட கீறல், துணியை அனுப்பியவர் பணியாளரின் தந்தை ஆரணி பச்சையப்பன் என்று இங்கிலீஷில் எழுதியதை ரங்கசாமி தமிழில் படித்துக் காட்டினார்.

அதிகாரி அவருடைய படகில் திரும்பிவிட்டார்; இவர்களை ஏற்றிப்போகும் படகு மறுபடி வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் காலையில் அபிதகுசாம்பாள்தான் கண்ணாடி துடைத்தாள். தன் பழைய நூல்புடவையைக் கிழித்து, அலசி, உதறி, வெயிலில் காயவைத்து, மேலிருந்து கீழே ஒரே திசையில். பட்டு இழையைப் பிடித்துப் பழகின கை அது. ரங்கசாமி பார்த்துவிட்டு, "ஜெயச்சந்திரா, நீ போய் ஆட்டை மேய்யா. உங்க வீட்டம்மாவை வேலைக்கு வெச்சுக்கறேன்" என்றார்.

சாயங்காலம் விளக்கு ஏற்றினார்கள். தாது ஏற்றிய கப்பல் ஒன்று தெற்கேயிருந்து தீவைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. விளக்கு இரண்டு வெட்டு வெட்டியது. பத்து எண்ணுவதற்குள் மறுபடி இரண்டு. கொஞ்ச நேரத்தில் கப்பலின் மூக்கு மெல்ல மேற்கே திரும்பி, பாறைகளை விட்டு விலகிப் போனது.

"அடேங்கப்பா" என்றார் பச்சையப்பன். "சொன்ன பேச்சைக் கேட்டுகினு போவுதே!" அதற்குள், புதுசு வேண்டாம் என்று மகன் எழுதியது நினைவு வந்தவர்போல முகம் சுண்டிப்போனது. கீழே இறங்கிவிட்டார்.

கிணற்றடிக்குப் பக்கத்தில் கடைக்கால் எடுத்துக் கல் அடுக்கியிருந்தார்கள். "குடும்பம் இருக்கறதுக்கு வீடுங்கம்மா" என்றார் ரங்கசாமி. "ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும். அப்புறம் நீங்களும் வந்துடலாம்." அபிதகுசாம்பாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரணிக்குத் திரும்பியதும் பச்சையப்பன் ஒரு சட்டம் போட்டார். "அந்தக் கடலு, கண்ணாடி, தீவு, ஒரு பேச்சும் இந்த வூட்டுல எடுக்கக் கூடாது. எம் பேரை இங்கிலீஷ்ல எழுதினது ஒரே ஒரு எடத்துல. அதுவும் தப்புக் கணக்குல."

கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் பேச்சு நின்றுபோனது. கடிதாசைக்கூட மனசுக்குள் படித்துவிட்டு, "நல்லா கீறாராம் மாமா" என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டாள். முன்பு கேட்க வாய் வராத ஒன்றை இப்போது கேட்கவே கூடாத வீடாகவும் ஆகிவிட்டது.

எண்பத்தொன்று வைகாசிப் பாதியில் ஜெயச்சந்திரன் லீவில் வந்தான், இந்தத் தடவை பத்து நாள்தான். வந்த மூன்றாம் நாள், தறிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வூடு கட்டி முடிச்சிட்டாங்க. ரெண்டு ரூம்பு, ஒரு சமையல்கட்டு. ஓடு போட்டது. ரங்கசாமி சார் அவங்க வீட்டம்மாவ கூட்டிகினு வந்துட்டாரு. இன்னொண்ணு என் பேருக்கு எழுதிக்கீது."

"ம்."

"ஜன்னலத் தெறந்தா கடலுதான்."

"ம். அப்புறம்?"

அவன் முக்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். அவள் நாடாவை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள்.

"ஏங்க, வான்னு ஒரு வார்த்தை ஒங்க வாயில வராதா?"

ஜெயச்சந்திரன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "நான் கூப்பிடலாமா அபிதா? இந்தக் குழியிலேருந்து எழுந்திரிச்சிப் போனவன் நானு. எனக்குப் பதிலா உன்ன உக்கார வெச்சிட்டுப் போனேன். இப்ப உன்னையும் எழுப்பிகினு போறேன்னு எந்த மூஞ்சிய வெச்சிகினு அப்பாகிட்ட கேப்பேன்? நீ தறிய விட்டு வரமாட்டேன்னுதான் நெனச்சேன். ஒரு நாளாவது வரேன்னு நீ சொன்னியா?"

ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "நல்லா குடித்தனம் பண்ணோம் போங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நெய்தாள்.

நாள் கொஞ்சம்தான் இருந்தது. வைகாசி இருபத்தைந்துக்குள் தீவுக்குப் படகேறாவிட்டால் இனிமேல் புரட்டாசிதான். அவள் தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு இன்னும் நாலைந்து நாளில் நெய்து முடிந்து இறங்கிவிடும். ஆனால் பாவு இறங்குவதால் தறி காலியாவதில்லை. பழைய பாவின் வால் தறியில் இருக்கும்போதே புதுப் பாவின் நுனியை ஒவ்வோர் இழையாக அதோடு முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். பிணைத்துவிட்டால் மூன்று புடவை, ஐம்பது நாள். அது முடிகிற அன்றைக்கே அடுத்தது பிணைந்துவிடும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தத் தறி ஒரு நாள்கூடப் பாவு இல்லாமல் நின்றதில்லை. இது முடிந்ததும் கேட்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டதெல்லாம் அப்படித்தான் போயிற்று. முடிவே இல்லாத ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தாள்.

வியாழக்கிழமை புடவை இறங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் புதுப் பாவு வந்துவிட்டது. மயில்கழுத்து நிறம். பச்சையப்பன் தெருவில் நின்று பார்த்து, வருடிப் பார்த்து, திருப்தியாக உள்ளே கொண்டுவந்தார். ராஜம்மாள், இழை வழுக்காமல் விரலில் தொட்டுக்கொள்ள, கிண்ணத்தில் சாம்பலோடு தறிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அபிதகுசாம்பாள் அந்தப் பக்கம். நாலாயிரத்துச் சொச்சம் இழை. இரண்டு பேர் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் ஆகிவிடும்.

பச்சையப்பன் கற்பூரம் காட்டினார். ஜெயச்சந்திரன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். மறுநாள் மாலை அவனுக்கு ரயில். பை கட்டியாகிவிட்டது.

"ஆரம்பி" என்றார் பச்சையப்பன்.

எந்தப் பாவாக இருந்தாலும் அதை நெய்யப் போகிறவர் கைதான் முதல் இழையைப் பிணைக்க வேண்டும். ராஜம்மாள் தன் பக்கத்து இழைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அபிதகுசாம்பாள் விரலைச் சாம்பலில் தொட்டாள். பழைய பாவின் ஓர் இழையை இடது கையில் எடுத்தாள். புது இழையை வலது கையில் எடுத்தாள். சேர்த்துப் பிடித்தாள். முறுக்கவில்லை.

"இன்னாடி, தூக்கமா?" என்றாள் ராஜம்மாள். "ஜல்தியா போடு. எனக்கு உலையில அரிசி கீது."

அவள் கை நகரவில்லை. வாசலில் ஜெயச்சந்திரன் நிமிர்ந்து நின்றான்.

"இழை சரியா இல்லியா?" பச்சையப்பன் குனிந்து பார்த்தார். "நிறம் பிடிக்கலியா?"

"நிறம் நல்லா கீது மாமா."

"அப்புறம் இன்னா?"

இப்போது விட்டால் இந்த மயில்கழுத்து ஐம்பது நாள். அப்புறம் வேறொரு நிறம். அப்புறம் அவர் பொங்கலுக்கு வருவார், பேசுவார், பஸ் ஏறுவார். அவள் இரண்டு இழைகளையும் மெல்லக் கீழே வைத்தாள். சாம்பல் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு கேட்கிற விஷயம் இல்லை இது என்று தோன்றியது.

"மாமா, ஒங்களுக்குப் புடிக்காத பேச்சுதான். எடுக்கறேன். கோவிச்சிக்காதீங்க."

பச்சையப்பன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் கற்பூரத் தட்டை இன்னும் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க மவனுக்கு அங்க வூடு கொடுத்துட்டாங்க. நாலு மாசத்துக்குக் கடைசிப் படகு இந்த வாரம். இந்தத் தறி நிக்க வேணாம். ராஜம்மா அக்கா கை என் கையவிட நல்ல கை, ஒங்களுக்கே தெரியும். எதுத்தாப்புல நம்ம சின்னம்மா அண்ணி கீறாங்க, ஒங்க மவ கையால வேளாவேளைக்குச் சோறு வரும். நான் எல்லாத்தையும் நெனச்சிப் பாத்துட்டேன் மாமா. நெனச்சி நெனச்சியே ஆறு வருஷம் போச்சி."

புருஷன் பக்கம் திரும்பவில்லை. மாமனாரையே பார்த்துச் சொன்னாள்.

"முதல் இழைய அக்கா போடட்டும். என்னை அவரோட தீவுக்கு அனுப்பி வைங்க."